மாப்பிள்ளை வாங்கி வந்த அமலை

வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடி, முருகா முருகா என்று ஒரு மனுஷன் எவ்வளவு நேரந்தான் நிற்பான்? நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனதுதான். அதுவும் சொட்டுச் சொட்டாக, ஏதோ தர்மத்துக்குப் போடுகிற மாதிரி. அதற்கப்புறம் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வந்ததுதான் மிச்சம். இப்போது வெயில் ஏறிவிட்டது, அடிவயிறு கல்லாக நிற்கிறது, கோமதிநாயகத்துக்கு ஒண்ணுக்கு வரவில்லை. சொல்லவும் ஆளில்லை. மகள் செண்பகவல்லி ஆபீஸ் வேலையாக ஐதராபாத் போயிருக்கிறாள். அவள் இருந்தால் மட்டும் என்ன, பெத்த மகளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? வீட்டுக்காரி உலகம்மாள் இருந்தால் சொல்லவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "என்ன, அடைச்சுக்கிட்டா?" என்று கேட்டுத் தெருவையே கூட்டியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகராசி. மிச்சம் இருக்கிற ஒரே ஆம்பிளை மருமகன் கிஷோர். அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் அந்தக் கறுப்புச் சனியனை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் எவனுக்கோ ஆமாம் சாமி போட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடமா? இடது கை எது வலது கை எது என்று தெரியாத பயல். கார் ஓட்டும்போது போன் சொல்ல வேண்டும், லெஃப்டில் திரும்பு என்று. சொன்ன பிறகும் ஸ்டியரிங்கில் இருக்கிற இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். அவனிடம் போய், மாப்ளே, எனக்கு ஒண்ணுக்கு வரலை என்று சொல்வதற்கு அடைத்துக்கொண்டே செத்துப் போகலாம்.

காலைக் கழுவிக்கொண்டு, வேட்டியை இறுக்கக் கட்ட முடியாமல் தளர்த்திக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அங்கே அது இருக்கிறது. டி.வி.க்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டாண்டில், கண்ணாடித் தொட்டி. தொட்டிக்கு மேலே ஊதா விளக்கு. ஓரத்தில் ஒரு மோட்டார் தண்ணீரை உறிஞ்சி மறுபடி அதே தண்ணீருக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அது ஒரு வேலை. உள்ளே மீன் கிடையாது. மீனெல்லாம் மேலே மிதந்து, தூக்கிப் போட்டாகிவிட்டது. இப்போது அதில் உயிரோடு இருப்பது அமலை மட்டுந்தான். மற்ற ஊர்க்காரர்கள் அதை ஆகாயத்தாமரை என்பார்கள், என்னவோ தேவர்கள் மேலேயிருந்து தூவிவிட்ட மாதிரி. திருநெல்வேலிக் கால்வாய்க் கரையில் அதற்கு அமலை என்று பேர், அமலை என்று சொல்லாத நேரத்தில் கெட்ட வார்த்தை. கால்வாய் ஆபீசில் ஓவர்சியராகச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆன அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் கோமதிநாயகம் பார்த்த உத்தியோகம் ஒன்றே ஒன்று: ஆள் விட்டு அமலை அள்ளியது. இந்த முனையிலிருந்து அள்ளிக்கொண்டு போய் அந்த முனையில் நின்று திரும்பிப் பார்த்தால், அள்ளின இடமெல்லாம் பச்சையாக மூடியிருக்கும். கரையில் குவித்து வைத்ததை ஒரு மழை வந்து உள்ளே தள்ளிவிடும். ஒரு துண்டு தப்பினால் போதும், ஒரு வம்சம். அந்தச் சவத்தைத்தான் இவன் காசு குடுத்து, போனில் ஆர்டர் போட்டு, ஈரக் காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் கூரியரில் வரவழைத்திருந்தான். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனையாவது பார்த்திருக்கிறோம். இவன் ஓணானை விலைக்கு வாங்கி விட்டுக்கொண்டவன். அதுவும் எதற்கு? மாமாவுக்கு ஊர் ஞாபகம் வரட்டும் என்று! உலகம்மாளுக்குக் காரியம் எல்லாம் முடிந்து, மகள் ஒரே பிடியாக இந்த மேடவாக்கத்துக்குக் கூட்டிவந்த அன்றைக்கு, ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறக்க, வாசலிலேயே நிற்கிறான், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. "மாமா, ஒரு சர்ப்ரைஸ். உங்க ஊர்ச் செடி!" மாமியார் கொடுமையிலிருந்து தப்பி ஓடிவந்தவளுக்கு மாமியார் படத்தைச் சட்டம் போட்டுக் குடுத்த மாதிரி. கோமதிநாயகம் தொட்டியைப் பார்த்தார். நாலு குண்டு இலையோடு அது அவரைப் பார்த்தது. "ரொம்ப சந்தோசம் மாப்ளே," என்றார். வேறென்னத்தைச் சொல்ல?

உட்கார்ந்தால் வலிக்கிறது. நின்றாலும் வலிக்கிறது. பாதி உட்கார்ந்து, சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருச்சாய்த்து இருந்தால் கொஞ்சம் தேவலை. அப்படி இருந்தால் நேர் எதிரே தொட்டி. வேறு எங்கே பார்க்க? முதலில் அதைப் பால்கனியில்தான் வைத்திருந்தான். நல்ல வெயில். மூதிக்கு வேறென்ன வேணும், பரத்திவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, தொட்டியின் மேல்பாகம் முழுக்க மூடி, கீழே கிடந்த மீன்களுக்கு மூச்சுவிட வழியில்லாமல் ஒவ்வொன்றாக மல்லாந்தது. இவனுக்கு மீன் செத்த துக்கம்கூட இல்லை, செடி வளர்ந்த சந்தோசம். "மாமா, பாருங்க, பேபீஸ்!" என்கிறான். பேபீஸாம். அதைப் பிய்த்துப் பிய்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மாடி மாடியாக, வீடு வீடாகக் குடுத்தான். அம்மன் கோயில் கூழ்கூட அப்படி யாரும் குடுத்து அவர் பார்த்ததில்லை. வாங்கினவர்களும் சாமானியப்பட்டவர்களா? எல்லாரும் பெரிய படிப்பு, பெரிய கம்பெனி. ஒருத்தனுக்காவது இது என்ன எழவு என்று கேட்கத் தோன்றவில்லை. இவன் குடுத்ததை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கீழே தாமரைக் குளத்தில் போட்டன. தாமரைக் குளம் என்றால் சிமெண்டில் கட்டி, நடுவில் ஒரு வாத்து பொம்மை வாயிலிருந்து தண்ணீர் துப்புகிற குளம். இப்போது வாத்தின் தலை மட்டுந்தான் தெரிகிறது. அசோசியேஷன் செகரட்டரி, கொசு, டெங்கு என்று குதித்துக்கொண்டு மேலே வந்தார், பால்கனியில் எவரும் தொட்டி வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார், இவன் தலையைச் சொறிந்துகொண்டு தொட்டியை ஹாலுக்குள் தூக்கிவந்தான். ரெண்டு ஆள் வந்து நீச்சல்குள வலையை வைத்துக்கொண்டு அந்தக் குளத்தில் அமலை அள்ளினதை ஒன்பதாவது மாடியிலிருந்து கோமதிநாயகம் முழுசும் பார்த்தார். வலை! கோட்டிக்காரப் பயல்கள், வலையால் அள்ளுகிறான்கள். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கெல்லாம் ஒண்ணுக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொப்புள் வரைக்கும் ஏறி நிற்கிறது. தட்டினால் சத்தம்கூட வேறு மாதிரி. இதில் கூத்து என்னவென்றால், காலையில் எழுந்ததும் ரெண்டு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு இளநீர். மேலேயிருந்து தண்ணீர் தள்ளினால் அடைப்பு தன்னால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று கணக்கு. யார் கணக்கு அது? அந்த இன்ஜினியர் கணக்கு. பேர்கூட மறந்துவிட்டது, புதுசாக வேலைக்கு வந்து, வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் கரையில் நின்றவன். ஒரு ஐப்பசியில் பாலத்துக் கண்ணில் அமலை வந்து சொருகி, சுவர் மாதிரி நின்றுவிட்டது. கோமதிநாயகம் சொன்னார், ஆளை இறக்கி வெட்டி எடுக்கணும் சார், வேற வழி கிடையாது என்று. "என்னய்யா நீர் பழைய காலத்து ஆளா இருக்கீரு? மேல மடையைத் தொறந்து தண்ணியைக் கூட விடும், அது பாட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிரும்." விட்டார்கள். தண்ணீர் வந்தது. அமலை அசையவில்லை. கரைதான் பிய்த்துக்கொண்டு போனது. வாழைத்தோப்பு முழுக்கத் தண்ணீர், குலை தள்ளின வாழை எல்லாம் அப்படியே சாய்ந்து கிடந்தது. தோப்புக்காரர் சுடலைமுத்து கரையில் வந்து நின்று பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த இன்ஜினியரை மனசுக்குள் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், காப்பிக் கடையில், கல்யாண வீட்டில், இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, படிச்ச முட்டாள் என்று முடிப்பார். இன்றைக்கு அதையேதான் தானும் செய்திருக்கிறார். அடைத்து நிற்கும்போது மேல்மடையைத் திறந்துவிட்டிருக்கிறார், வெறுவாக்கலங்கெட்ட மூதி. படிக்காத முட்டாள். இப்போது எங்கே பிய்த்துக்கொண்டு போகும்? உள்ளே கரை எங்கே இருக்கிறது? மூத்திரப்பை வெடிக்குமா? வெடித்துச் செத்தான் என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? யோசித்துப் பார்த்தார். இல்லை. ஆனால் அப்படிச் செத்தால் வீட்டுக்காரர்கள் வெளியே சொல்வார்களா? நெஞ்சுவலி என்றுதான் சொல்வார்கள்.

கேள்விப்பட்டது வேறு. சங்கரபாண்டியன் கதை. ஆபீசில் கூட வேலை பார்த்தவர், பெரிய மீசைக்காரர், அவர் நடந்து வந்தால் அள்ளுகிற ஆட்கள் பீடியை அணைப்பார்கள். அவருக்கும் இப்படித்தான் அடைத்தது. ஆஸ்பத்திரியில் குழாய் சொருகிவிட்டார்கள். குழாயின் மறு முனையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பையை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, கையில் பிடித்துக்கொண்டு, நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வந்திருந்தார். ரத வீதியில், அத்தனை கூட்டத்தில், மனுஷன் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். "என்ன அண்ணாச்சி, காய்கறியா?" என்று எவனோ கேட்க, சங்கரபாண்டியன் சிரித்தார். அந்த மீசைக்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. கோமதிநாயகம் அந்தப் பக்கமே போகாமல் வேறு சந்து வழியாக வந்துவிட்டார். இப்போது அந்தச் சிரிப்பு வந்து வந்து போகிறது. நாளைக்குத் தனக்கும் ஒரு பை. அதை யார் காலி பண்ணுவது? செண்பகவல்லி வர இன்னும் நாளாகும். இந்தக் கிஷோர் காலி பண்ணுவான். கையில் உறை மாட்டிக்கொண்டு, "மாமா, ஃபுல் ஆயிடுச்சு" என்பான், பேபீஸ் என்று சொன்ன அதே குரலில். போனில் வீடியோ போட்டுப் பார்த்து எப்படிக் காலி பண்ணுவது என்று கற்றுக்கொள்வான். அதில் எங்கேயாவது இடது வலது வந்தால் தொலைந்தது. ஐயோ, முருகா. அவனுக்கு மாமாவாக இருந்து, அவன் வீட்டில் சாப்பிட்டு, அவன் எடுத்து வைக்கிற மாத்திரையை முழுங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. மாத்திரைக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான், கிழமைக்கு ஒரு அறை. அதில் திங்கள் மாத்திரையைச் செவ்வாயில் போட்டு வைப்பான். கோமதிநாயகம் எடுத்துச் சரியாக வைத்துக்கொள்வார், சொல்வதில்லை. சொல்லி என்ன செய்ய? திருந்துகிற கேஸா?

மறுபடி முட்டுகிறது. போனால் வராது என்று தெரியும், ஆனாலும் போகச் சொல்கிறது. போகவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாகிறது. அதுதான் ஆச்சரியம். அமலை சாகிறது! இலை எல்லாம் மஞ்சளடித்து, ஓரம் கருகி, வேர் ஒவ்வொரு இழையாகக் கழன்று தொட்டி அடியில் போய்க் கிடக்கிறது. வெட்டிப் பார்த்து, அள்ளிப் பார்த்து, தீ வைத்துப் பார்த்து, மருந்தடித்துப் பார்த்து, பூசை போட்டுக்கூடப் பார்த்து, ஒரு மாவட்டமே சேர்ந்து சாகடிக்க முடியாத ஜாதி, இந்தப் பயல் ஆசை ஆசையாக வளர்த்ததில் செத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கால்வாய் ஆபீசுக்கு எழுதிப் போடவேண்டும்: ஐயா, எங்கள் மாப்பிள்ளையை அனுப்பிவைக்கிறோம், பாசமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரே மாசத்தில் கால்வாய் சுத்தமாகிவிடும். தனக்குத்தானே சிரித்தார், சிரித்ததில் வயிறு இழுத்து, அம்மா என்று வாய்விட்டு வந்துவிட்டது. அடுத்த அறையில் பேச்சு ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடி இங்கிலீஷ் ஓடியது. நல்லவேளை. அவன் என்ன போடுகிறான் அதற்கு? சுத்தத் தண்ணீர், மெஷினில் வடிகட்டின தண்ணீர், மனுஷன் குடிக்கிற தண்ணீர். ஊர்ச் சாக்கடை முழுசும் குடித்து வளர்ந்த கழுதை அது, அதற்குக் கங்கா தீர்த்தம் காட்டினால்? வெயில் கிடையாது, ஊதா விளக்கு. நேற்றுக்கூடப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, இலையைத் தடவிக்கொண்டு, "ஒரு பூவாவது பூத்துடு, ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பூ! பூ என்னவோ நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. கால்வாய் முழுக்க ஒரேயடியாக ஊதாவாகப் பூத்து நிற்கும்போது, பஸ்ஸில் போகிற ஜனம் எட்டிப் பார்க்கும். உலகம்மாள் ஒரு தரம் சொன்னாள், எவ்வளவு சேலாக இருக்கு பாருங்க என்று. "உனக்கென்னட்டி, நீயா இறங்கி அள்ளப்போறே?" என்று எரிந்து விழுந்தார். அவர் மட்டும் என்றைக்கு இறங்கி அள்ளினார்? கரையில் குடை பிடித்து நின்றவர்தானே. அதை அவள் கேட்கவில்லை.

கரையில் நின்று செய்தது ஒன்று உண்டு. அதை நினைத்ததும் கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஒரு மருத மரத்து மறைவில் போய் நின்று, அமலைக்கு நேர் மேலே அடிப்பார் பாருங்கள். என்ன வேகம்! என்ன சத்தம்! அந்தக் குண்டு இலையில் விழுந்து பறை அடிக்கிற மாதிரி கேட்கும். தின்னு, சவமே, தின்னு என்று சொல்லிக்கொண்டே அடிப்பார். அத்தனை வருஷத்தில் ஒரு நாள் அடைத்ததா? ஒரு நாள் குழாயைத் திறந்துவைத்து முருகனைக் கூப்பிட வேண்டியிருந்ததா? இது மருத்துவம் ஆகாது, மடத்தனம் என்று அவருக்கே தெரிகிறது. ஆனால் வலிக்கிறவனுக்கு மடத்தனம் என்ன, மருத்துவம் என்ன. எதிரே அமலை இருக்கிறது. மோட்டார் ஊற்றுகிற தண்ணீர்ச் சத்தம் இருக்கிறது. அதற்கும் சாக்கடை வேணும், இவருக்கும் வழி வேணும். மருமகன் வாங்கின தொட்டியில், மருமகன் கெஞ்சின செடிமேல், நெஞ்சு குளிர ஒரு தரம். இத்தனை மாசம் வாயைத் திறந்து சொல்லாத அத்தனையையும் அதில் சொல்லிவிடலாம். எழுந்தார். அடுத்த அறைக் கதவைப் பார்த்தார், சாத்தித்தான் இருக்கிறது. விளக்கோடு சேர்ந்த மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். உயரம் போதவில்லை. ஊரிலிருந்து எடுத்துவந்த உலகம்மாளின் மணைப்பலகை டி.வி.க்குக் கீழே கிடந்தது. அதை இழுத்துப் போட்டு மேலே ஏறினார். வேட்டியை ஒதுக்கினார். தின்னு, சவமே, என்றார் மெதுவாக.

ஒரு சொட்டு. இலையில் விழுந்தது, சத்தம்கூட இல்லை. காத்திருந்தார். இன்னொரு சொட்டு, அதுவும் தொட்டி விளிம்பில். அவ்வளவுதான். நெற்றியிலிருந்து வேர்வைதான் அதைவிட நிறையச் சொட்டியது. மஞ்சளடித்த அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் சுவரையும் பிடித்துக்கொண்டு, கோமதிநாயகம் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். கதவு திறந்தது.

"மாமா?"

காதில் கறுப்புச் சனியன், இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப் போட்ட அரை டிரவுசர். கிஷோர் அப்படியே நின்றான். மாமாவைப் பார்த்தான், மணைப்பலகையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான்.

"என்ன மாமா பண்றீங்க?"

"உரம்," என்றார் கோமதிநாயகம். இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. "உரம் போடுதேன் மாப்ளே. சத்து இல்லாம கிடக்குல்லா."

இப்போது சிரிப்பான். சிரித்துவிட்டு செண்பாவுக்கு மெசேஜ் போடுவான். அசோசியேஷன் முழுக்கத் தெரிந்துவிடும். கிஷோர் சிரிக்கவில்லை. கிட்டே வந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், அப்புறம் வேட்டிக்கு மேலே மேடாக நின்ற வயிற்றைப் பார்த்தான்.

"வலிக்குதா மாமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஒண்ணுக்கு வரமாட்டேங்குடே," என்று வந்தது. டே என்று வந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து மாப்ளே, வாங்க, போங்க தவிர ஒரு வார்த்தை அவனிடம் கூடக் குறையப் பேசியதில்லை. "நேத்து ராத்திரியிலருந்து வரலைடே. உசிரு போவுது."

"ராத்திரிலேர்ந்தா? பக்கத்து ரூம்லதான மாமா இருந்தேன், ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்றான் கிஷோர். காதில் இருந்ததைக் கழற்றினான். அதற்குள்ளிருந்து எவனோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்க, அதை அப்படியே சோபாவில் எறிந்தான். மாமாவின் அக்குளுக்குக் கீழே கையைக் குடுத்து மணைப்பலகையிலிருந்து இறக்கினான். அவிழ்ந்துகொண்டிருந்த வேட்டியைத் தானே சுற்றிச் சொருகிவிட்டான், தப்பான பக்கம். கோமதிநாயகம் குழந்தை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரி பத்து நிமிஷந்தான் மாமா. குழாய் வெச்சு எடுத்துடுவாங்க, உடனே சரியாயிடும். எங்கப்பாவுக்கும் வெச்சாங்க. நான்தான் கூட இருந்தேன்."

அது கோமதிநாயகத்துக்குத் தெரியாது. இவனுக்கு ஒரு அப்பா இருந்தார், செத்துப்போனார் என்று தெரியும். எப்படி, என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வாசலில் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. கிஷோர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, மாமாவின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, செருப்பை மாட்டிவிட்டான். மாட்டிவிட்டு நிமிர்ந்து, "ஓகேவா மாமா?" என்று கேட்டான். வலது கால் செருப்பு இடது காலில் இருந்தது. விரல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"ம்," என்றார் கோமதிநாயகம். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மாறின செருப்போடேயே, லிஃப்ட் வரைக்கும் நடந்தார்.